காயலான் கடையும் கரியமில வாயுவும்

அலுமினியம் எளியோர் உலோகம் எனப் பெயர் பெற்றது. அடுக்களைப் பாத்திரம் முதல் மின்கம்பி, வாகன உறுப்பு, சன்னல் சட்டம் வரை அது புகாத இடமில்லை. ஆயினும் எளிதில் கிடைக்கும் இவ்வுலோகம் எளிதில் பிறப்பதன்று. பாக்சைட் தாதுவிலிருந்து பெற்ற அலுமினாவை உருகிய கிரையோலைட்டில் கரைத்து, மின்சாரம் செலுத்திப் பிரிக்கும் முறை 1886இல் கண்டறியப்பட்டது. இன்றளவும் உலகம் அம்முறையையே நம்பியுள்ளது. ஒரு டன் உலோகத்திற்கு ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமாயின், ஒரு டன் அலுமினியத்தின் பின்னே 15 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு நிற்கும். மனிதச் செயலால் எழும் வெப்பவாயுக்களில் ஏறத்தாழ 2 விழுக்காடு இவ்வொரு தொழிலிலிருந்து எழுவதே.

தமிழகத்திலும் இத்தொழில் இருந்தது. மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியின் உருக்காலை 1965இல் இயங்கத் தொடங்கிற்று, 2008இல் நின்றது. ஆனால் உருக்காலை நின்றதே தவிர, உலோகத்தின் தேவை நிற்கவில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் வார்ப்படப் பட்டறைகளும், பாடியின் வாகன உறுப்புத் தொழிற்சாலைகளும் நாள்தோறும் அலுமினியத்தை உருக்கி வார்க்கின்றன. நம் நாட்டின் புது உலோகமோ ஒடிசாவின் அங்குல், ஜார்சுகுடா, சத்தீஸ்கரின் கோர்பா முதலிய இடங்களில், பெரிதும் நிலக்கரி மின்சாரத்தால் பிறக்கிறது. உலோகம் இங்கே வர, புகை அங்கே தங்கிவிடுகிறது என்று நாம் அமைதி கொள்ளலாமா? வானத்திற்கு மாநில எல்லை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்து இயந்திரங்களை மூழ்கடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரு புயலை ஒரு காரணத்தின் தலையில் ஏற்றுதல் முறையன்று; எனினும் கடல் சூடேறச் சூடேறப் பெருமழை வலுக்கும் என்பது அறிவியலார் துணிபு.

இந்நிலையில் இலக்குகள் பல பேசப்படுகின்றன. 2070இல் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவோம் என இந்தியா 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. இண்டால்கோ, வேதாந்தா ஆகிய நிறுவனங்கள் தமக்கு 2050ஐக் குறித்துக்கொண்டன. 2025 அக்டோபரில் மைய அரசு அலுமினியம் உள்ளிட்ட தொழில்களின் பெரிய ஆலைகளுக்கு உமிழ்வு வரம்பை விதித்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவ்வரம்பு ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு என்னும் விகித வரம்பாகும். விகிதம் சற்றே குறைந்து, உற்பத்தி இருமடங்காயின், மொத்தப் புகை குறையாது; கூடும். மொத்தம் குறைய வேண்டுமாயின் ஆலைகள் நிலக்கரியைக் கைவிட வேண்டும். புது உலோகத்தின் தேவையும் சுருங்க வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்க் காயலான் கடை முன்வந்து நிற்கிறது. காயல்பட்டினத்து வணிகரால் வந்த பெயர் என்பர். சென்னை மக்கள் ஏளனமாகச் சொல்லிப் பழகிய அச்சொல்லின் உள்ளே ஒரு பேருண்மை பொதிந்துள்ளது. பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்க, புதிதாய்ப் பிரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். நெளிந்த தேக்சாவும் உடைந்த பொறியுறுப்பும் வீண்விரயமாகாமல் உலைக்குத் திரும்பும் வழியை, மாநாடுகள் கூடுமுன்பே அமைத்தவர்கள் தெருத்தெருவாய்ச் சென்று பழையன திரட்டியவர்களே.

புகழ்ந்து நிறுத்திவிடுதல் போதாது. கலவை வேறுபாடறியாது ஒன்றாய்க் கொட்டி உருக்கினால் உலோகத்தின் தரம் தாழும். எண்ணெயும் வண்ணமும் படிந்த கழிவை அப்படியே உலையிலிட்டால், உலைமுன் நிற்கும் தொழிலாளியின் நெஞ்சில் அப்புகை இறங்கும். ஆதலின் தரம் பிரித்தலும், தூய உலையும், அதற்கான எளிய கடனும் சிறு பட்டறைக்குக் கிட்ட வேண்டும். "சிறு தொழிலுக்கு ஏன் இச்சுமை?" என வினவுவோர் ஒன்றை எண்ணுக. ஐரோப்பிய ஒன்றியம் 2026 முதல் இறக்குமதியாகும் அலுமினியத்திற்கு அதன் கரியமில வாயுக் கணக்கின்படி வரி விதிக்கிறது. கணக்கில்லாதவன் பொருள் நாளை சந்தையில் தாழ்ந்து நிற்கும். பழைய உலோகம் மட்டும் உலகத் தேவையை நிறைவு செய்யாது என்பதும் மெய்யே. கட்டடத்தில் பதித்த சட்டம் பல ஆண்டு கழித்தே திரும்பும். அதனால் பெரிய ஆலைகளின் கடமை சிறிதும் குறைவதில்லை.

மாணவ மணிகளே! வேதியியல் பயில்வோரும் வணிகவியல் பயில்வோரும் கூடி, இசைவு பெற்று, அருகிலுள்ள ஒரு பட்டறையின் ஓராண்டுக் கணக்கை எழுதித் தாருங்கள்: எத்தனை கிலோ புது உலோகம், எத்தனை கிலோ பழையது, எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை யூனிட் மின்சாரம். வணிகத்தில் தேர்ந்த பெரியோர் தம் கடை வாசலிலேயே கலவை வாரியாகப் பிரிக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைக்கலாம். இலக்கு என்பது உருக்காலையின் வாயிலோடு நின்றுவிடாமல், அந்த உலோகம் செல்லும் வழியெல்லாம் உடன் செல்ல வேண்டும். அவ்வழி நம் தெருவின் ஊடே செல்கிறது.