குற்றம் கேமராவில் இல்லை!



'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பழமொழி. தேய்ந்ததே தவிர இன்னும் சாகவில்லை! நம்பாதவர்கள் ஒருநாள் சாயங்காலம் நம் விடுதி மொட்டைமாடிக்கு வந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். நாலு பேர் கேமராவோடு ஓடுவார்கள். மீன்கொத்தி பறந்துவிடும். அப்புறம் கிளம்பும் பாருங்கள் ஒரு புலம்பல்...

"போடா மாப்ள, நம்ம கேமராவுல இதெல்லாம் வராதுலே. அதுக்கு லட்ச ரூவா லென்ஸ் வேணும்!"

நானும் இப்படிப் புலம்பித் திரிந்தவன்தான். இரண்டு கோடை விடுமுறைகள் மாமாவின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த 22,000 ரூபாயில், ஒருவர் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் 70-300 லென்ஸும் வாங்கினேன். விலை உயர்ந்ததும் அல்ல, மட்டமானதும் அல்ல. நடுத்தர வர்க்கத்துக் கேமரா! வாங்கிய மூன்றாம் மாதமே, 'இதற்கு மேல் இதில் ஒன்றும் முடியாது' என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு எவ்வளவு பெரிய தப்பு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள 600 எம்.எம். லென்ஸ் செய்கிற வேலையை நம் லென்ஸ் செய்யாது. தூரம் போதாது, வெளிச்சத்தையும் குறைவாகத்தான் உள்ளே விடும். ஆனால் இந்த இரண்டு குறைகளுக்கும் ஈடு கொடுக்க நம்மிடம் வழி இருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம், நேரம் வேண்டும்.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். நாம் படித்த சிக்னல்-நாய்ஸ் விகிதம் தேர்வோடு முடிந்துபோனது என்று யார் சொன்னது? சென்சாரில் விழும் ஒளி நான்கு மடங்கானால் அந்த விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் அந்த அளவுக்கு அடங்கும். என் கேமராவின் சென்சார் ஏறத்தாழ 23.5 x 15.6 மில்லிமீட்டர். லென்ஸ் கழற்ற முடியாத பெரிய ஜூம் கேமராக்கள் பலவற்றில் இருப்பதோ சுமார் 6.2 x 4.6 மில்லிமீட்டர்தான். பரப்பில் பதின்மூன்று மடங்கு வித்தியாசம்! அப்படிப்பட்ட கேமரா வைத்திருப்பவர்கள் மங்கிய மாலையில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி மல்லுக்கட்டுவதில் பயனில்லை. காலை ஆறரை முதல் ஒன்பது மணி வரை, சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க நின்று பாருங்கள். அதே கேமரா வேறு கேமரா போல வேலை செய்யும். உச்சி வெயிலில் குளத்துக்கு மேல் கானல் ஆடும்போது எந்த லென்ஸும் கூர்மையான படம் தராது. பத்து லட்ச ரூபாய் லென்ஸுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது அசைவு. 300 எம்.எம். லென்ஸ் என் கேமராவில் 450 எம்.எம். போலக் காட்சியை நெருக்கிக் காட்டுகிறது. கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். ஆகவே உட்கார்ந்திருக்கும் பறவைக்கே 1/500 வினாடி வேண்டும். பறக்கும் பறவைக்கு 1/1000-க்கும் மேலே. லென்ஸில் உள்ள நடுக்கம் தடுக்கும் வசதி நம் கையைத்தான் திருத்தும், பறவையின் சிறகைத் திருத்தாது. முக்காலி வாங்க வசதியில்லையா? பழைய பேன்ட் துணியில் ஒரு பை தைத்து, புளியங்கொட்டையை நிரப்பிச் சுவர் மேல் வையுங்கள். அதன்மேல் லென்ஸை வைத்து எடுங்கள். என் அம்மா தைத்துக் கொடுத்த பைதான் இன்றுவரை எனக்கு முக்காலி!

வெள்ளைக் கொக்கு சுண்ணாம்பு அடித்தது போல வருகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவின் ஒளிமானி உலகத்தையே நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்குப் போடும். கருத்த தண்ணீருக்கு முன்னால் கொக்கு நின்றால் ஒளியளவை ஒரு படி குறையுங்கள். வானத்துக்கு எதிரே பறவை கரிக்கட்டையாகத் தெரிந்தால் ஒரு படி கூட்டுங்கள். டிஜிட்டல் ஜூமை அணைத்தே வையுங்கள். அது இருக்கிற படத்தை வெட்டிப் பெரிதாக்குமே தவிர, புதிதாக ஒன்றையும் தராது.

'சரிப்பா, வெளிச்சம் சரி, நடுக்கம் சரி. தூரத்துக்கு என்ன செய்வது?' என்று கேட்கிறீர்களா? அங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன்.

சென்ற ஏப்ரல் மாதம். எங்கள் ஊர்க் குளம் வற்றிக் கிடந்தது. கரையோரச் சரளையில் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. மண்ணில் ஒரு சிறு குழி, சுற்றிலும் பொடிக் கற்கள். முட்டையும் கல் நிறம்தான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. லென்ஸுக்குத் தூரம் போதவில்லை, ஆகவே கால் நடந்தது. பத்தடி, எட்டடி, ஆறடி... குருவி எழுந்து என் தலைக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமிட்டது. நான் விடவில்லை. அது கோபமாகப் பாய்ந்து வரும் படம் வேண்டும் என்று நாற்பது நிமிடம் அங்கேயே நின்றேன். மணி பதினொன்றரை. வெயில் கொளுத்தியது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி தூரத்திலிருந்து சத்தம் போட்டாள்.

"ஏ அய்யா, எம்புட்டு நேரமா அங்கனயே நிக்க? அந்தக் குருவி உன்னயத்தான் ஏசுது. தள்ளி வாய்யா, அது முட்டைல உக்காரணும்லா!"

"இன்னும் ஒரே ஒரு படம் ஆச்சி" என்றேன்.

படம் கிடைத்தது. சிறகு விரித்து, அலகு திறந்து, கண்ணில் வெயில் மின்ன, நேராக என்னை நோக்கி வரும் படம். அதை ஸ்கிரீனில் பார்த்து ரசித்தபடி பத்து எட்டு நடந்திருப்பேன். ஒரு காகம் இறங்கியது. ஒரு முட்டையைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போனது. குருவி இத்தனை நேரமும் என்னைத்தான் விரட்டிக்கொண்டிருந்தது. காகத்தை விரட்ட அதற்குத் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை. மீதி மூன்றும் அந்த வெயிலைத் தாங்கினவா என்று மறுநாள் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆள்காட்டிக் குருவின்னு சும்மாவா பேரு வச்சாக? களவாணி வந்தா ஊருக்கே காட்டிக் குடுக்கும்" என்று சொல்லிவிட்டு ஆச்சி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. துப்பாக்கி எடுத்தவன் மட்டும்தான் வேட்டைக்காரன் என்று நினைத்திருந்தேன். கேமரா எடுத்த நானும் அந்தப் பட்டியலில் இருக்கிறேன்!

தூரம் என்ற கேள்விக்குச் சரியான விடை எனக்குக் கூந்தன்குளத்தில் கிடைத்தது. நாங்குநேரி வட்டாரத்தில் உள்ள இந்த ஊர் 1994-இல் பறவைகள் சரணாலயமானது. அங்கே மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள்ளேயே, வீட்டோரத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. தெருவில் நின்றபடியே என் 300 எம்.எம். லென்ஸில் நாரை தன் குஞ்சுக்கு இரை ஊட்டுவதை எடுத்தேன். அங்கே மட்டும் லென்ஸ் நீண்டுவிட்டதா என்ன? இல்லை. அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தொந்தரவு செய்யாததால் பறவைகளின் பயம் குறைந்திருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. நமக்கும் பறவைக்கும் நடுவே உள்ள தூரம் அடிக்கணக்கு மட்டுமல்ல, பயத்தின் கணக்கும்கூட.

ஆகவே இப்போது நான் செய்வது இதுதான். விடியும் முன்பே போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். முதல் அரை மணி நேரம் கேமராவைத் தொட மாட்டேன். பறவை எந்தக் கிளைக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, எப்போது இரை தேடுகிறது என்று பார்ப்பேன். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். ஆகவே காற்று என் முதுகில் படும்படி உட்கார்ந்தால் அது என் பக்கமாகவே எழும்பும். பறவை இரை தின்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தால் நான் அதிகம் நெருங்கிவிட்டேன் என்று அர்த்தம், பின்வாங்குவேன். கூடு இருந்தால் கிட்டேயே போவதில்லை. படத்தில் பறவை சிறிதாக வந்தால் வரட்டுமே! சுற்றியுள்ள குளமும் கருவேல மரமும் சேர்ந்து அதுவும் ஒரு படம்தான்.

மா. கிருஷ்ணன் (1912-1996) என்ற இயற்கையியலாளரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திக்கொண்ட ஒரு கேமராவில், கருப்பு வெள்ளையில், யானைகளைப் படம் பிடித்தவர் அவர். பாகங்களைச் சேர்த்து ஓட வைப்பது பாலிடெக்னிக் மாணவர்களாகிய நமக்குத் தெரியாத வித்தையா? அவரிடம் இருந்து நம்மிடம் இல்லாதது பொறுமை ஒன்றுதான்.

கடைசியாக ஒரு செய்தி. அந்த ஆள்காட்டிப் படம் நம் கல்லூரிப் புகைப்படக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றது. எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். இந்த மலருக்கு அட்டைப்படமாக அதையே மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். தர மனம் வரவில்லை. "ஏன்டா பிகு பண்ற?" என்று கோபித்துக்கொண்டார்கள். காரணத்தை நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பரிசாகக் கிடைத்த கோப்பையைப் பேரவை அறையில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு, கூட்டைக் கலைக்காமல் எடுத்த படத்துக்கு அதைக் கொடுங்கள். எடுத்த கேமராவின் விலையைக் கேட்காதீர்கள். எத்தனை மணி நேரம் காத்திருந்தாய் என்று மட்டும் கேளுங்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் துறை