தம்பிக்கு என்ன கோர்ஸ்? கணக்கை அவனிடமே காட்டுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே சித்தியிடமிருந்து போன் வந்துவிடும். "நீதான் சென்னையில வேலை பார்க்கிறியே, தம்பிக்கு என்ன கோர்ஸ் எடுக்கலாம்னு சொல்லுப்பா." ஐ.டி.யில் இருப்பவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பார். லே-ஆஃப் பார்த்து நொந்தவர், அது வேண்டவே வேண்டாம், மெக்கானிக்கல் போகட்டும் என்பார். ரெண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். தம்பியிடம் யாரும் போனைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கொடுத்தாலும், "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. பதினேழு வயதில் அவன் பார்த்தது ஆறு பாடங்களைத்தான். அதைவிட உருப்படியான வழி, ரெண்டு கோர்ஸின் சிலபஸை டவுன்லோட் செய்து அவன் முன்னால் வைப்பது. அண்ணா பல்கலைக்கழக சிலபஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பி.இ. முதல் வருஷம் பெரும்பாலும் எல்லாப் பிரிவுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரெண்டாம் வருஷத்தில்தான் வித்தியாசம் தெரியும். அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்க. ஏ.ஐ. என்று ஆசைப்பட்டவனுக்கு அதற்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று தெரிந்தால் ஆசை கூடலாம், குறையலாம். எதுவானாலும் இப்போதே தெரிவது நல்லது.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் பிள்ளையிடம் மறைக்கும் விஷயம் பணம். "அதெல்லாம் உனக்கெதுக்கு, நீ படி" என்பார் அப்பா. பாசம்தான். ஆனால், கல்விக் கடனில் மாணவர்தான் கடன்தாரர். பெற்றோர் இணைக் கடன்தாரர். நாளைக்குக் கட்டப்போகிறவனுக்குக் கணக்கு தெரியாமலே கையெழுத்து வாங்கிவிடுகிறோம்.

6 லட்சம் எப்படி 8 லட்சம் ஆகிறது?

வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வீதம் நாலு வருஷத்துக்கு 6 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தனி வட்டியாகப் போட்டாலே, தவணை தொடங்கும் நாளில் கடன் 8 லட்சத்து 10 ஆயிரம். ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் 13,400 ரூபாய்க்கு மேல் இ.எம்.ஐ. முதல் சம்பளத்தில் வாடகை, சாப்பாடு போக இது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்க பழைய சேலரி ஸ்லிப்பைத் தம்பியிடம் காட்டுங்க.

அட்வான்ஸ் கட்டும் அவசரம்

ரிசல்ட்டுக்கு முன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் சீட்டை 'பிளாக்' செய்ய அட்வான்ஸ் கட்டுகிறார்களே, அங்கேதான் பல குடும்பங்களுக்குக் கை சுடுகிறது. அதே கல்லூரியில் கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் அரசு ஒதுக்கீட்டுக்கு நிர்ணயித்த கட்டணம்தான். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையும் கவுன்சலிங் சீட்டுக்கு மட்டுமே. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் நுழைந்தால் இதெல்லாம் கைவிட்டுப் போகும். ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டிவிட்டார்களா? ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது. கேட்டு வாங்கலாம், கூட நீங்களும் போனால் நல்லது.

கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜா?

இப்படி முகம் சுளிப்பவர்கள் கட்டண ரசீதைப் பார்த்ததில்லை போலும். பி.காம்., பி.எஸ்சி. போன்ற பட்டப்படிப்பை அங்கே வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் படிக்கலாம். ஒரே நேரத்தில் ரெண்டு டிகிரி படிக்க யு.ஜி.சி. 2022-ல் அனுமதி தந்துவிட்டதால், மீதி நேரத்தில் ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பவர்களும் உண்டு. ஜே.இ.இ. வேண்டியதில்லை, நுழைவதற்குத் தனித் தகுதித் தேர்வு. நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த கட்டத்தைப் பொறுத்து சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். ஆன்லைன்தானே, சுலபமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வாராவாரம் அசைன்மென்ட், பரீட்சை நேரில். சேர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்க.

பாலிடெக்னிக் வழியும் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக ரெண்டாம் வருஷம் சேரலாம், முடித்ததும் பி.இ. ரெண்டாம் வருஷத்துக்குப் போகலாம்.

சித்தி வீட்டில் தம்பிதான் முதல் பட்டதாரி ஆகப்போகிறான் என்றால், சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். (உங்க கூடப்பிறந்த தம்பிக்குக் கிடைக்காது, நீங்கதான் டிகிரி முடித்துவிட்டீர்களே!) வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று விண்ணப்பம் நகர நாளாகும். கவுன்சலிங் சான்றிதழ் சரிபார்ப்புக்குள் அது கையில் இருக்க வேண்டும்.