சூப்பர் சீனியர் இ.ஐ.ஆர். 21

ஸ்டீம் டேபிள் புக்கைப் பார்த்தாலே யாருக்கெல்லாம் வயித்தைக் கலக்கும்? மெக்கானிக்கல் பசங்க மொத்தமா கை தூக்கிட்டீங்களா... ஓகே, இறக்குங்க. போன செமஸ்டர் தெர்மல் பேப்பர்ல அரியர் வெச்ச அடியேன்தான் இந்த வாரம் உங்களுக்கு நீராவி பத்திச் சொல்லப்போறேன். விதி!

நம்ம ஹீரோயின் பேரு இ.ஐ.ஆர். 21. ஈஸ்ட் இண்டியன் ரயில்வேயோட குட்டி இன்ஜின். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துல செஞ்சு, கப்பல்ல வந்தது. ராயபுரத்துலேர்ந்து நம்ம ஊர் முதல் ரயில் கிளம்பினதே 1856-லதான்னா பார்த்துக்கோங்க! அடுத்த நம்பர் 22, கின்னஸ் புகழ் 'ஃபேரி குயின்'. தங்கச்சி ஃபேமஸ், அக்காவை யாருக்கும் தெரியலை. எல்லா வீட்லயும் நடக்கறதுதானே!

1909-ல் அக்கா ரிட்டயர்டு. அப்புறம் நூறு வருஷம் ஜமால்பூர், ஹவுரான்னு சும்மா காட்சிக்கு நின்னாங்க. பெரம்பூர் லோகோ பணிமனைக்காரங்க கையில சிக்கி, 2010-ல் மறுபடி ஓட ஆரம்பிச்சது. இதோட ஸ்பேர் பார்ட் எந்தக் கடையில கிடைக்கும், சொல்லுங்க? சித்தரஞ்சன் ஃபேக்டரியே நீராவி இன்ஜின் தயாரிப்பை 1972-ல் ஏறக்கட்டிடுச்சு.

அதுக்கப்புறம் அப்பப்போ டூர். 2019-ல் எர்ணாகுளம் டு கொச்சி ஹார்பர், 2022 சுதந்திர தினத்தன்னிக்கு எழும்பூர் டு கோடம்பாக்கம். பின்னாடி ஒரு பெட்டிக்கு மேல ஆசைப்படக் கூடாது. மொத்தம் ஆறு சக்கரம். அதுல பிஸ்டன் சுத்தறது நடு ஜோடியை மட்டும்தான். பாரம் ஏறினா சக்கரம் வழுக்கிக்கிட்டு நின்ன இடத்துலயே சுத்தும்.

எழும்பூருக்கு நான் தாத்தாவோட போயிருந்தேன். அப்போ ஸ்கூல் பையன். தாத்தா ஒரு காலத்துல ஸ்டீம் இன்ஜின்ல கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன். கூட்டமே புகையை செல்போன்ல சுட்டுக்கிட்டிருக்க, இவர் மட்டும் டிரைவர் நிக்கற பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். ''என்ன தாத்தா?''ன்னேன். ''தண்ணிக் கண்ணாடி எங்கன்னு பாக்கறேன்டா'' என்றார்.

பாய்லருக்குள்ள தண்ணி எவ்வளவு இருக்குன்னு காட்டற கண்ணாடிக் குழாய் அது. தண்ணி இறங்கினா நெருப்புப் பெட்டியோட கூரைத் தகடு வெறும் சூட்டுல வெந்து இளகிடும். உள்ளே அழுத்தம் இருக்கே... அப்படியே வெடிச்சிடும்! அதுக்காக அந்தக் கூரையில ஈயம் அடைச்ச ஒரு பிளக் வெச்சிருப்பாங்க. தண்ணி குறைஞ்சா ஈயம் முதல்ல உருகி, நீராவி கொட்டி நெருப்பை அமுக்கும். ''பிளக் உருகுச்சுன்னா உசிரு தப்பிக்கும், ஃபயர்மேனுக்கு மெமோ கன்ஃபர்ம்''னு சிரிச்சார். எங்க சிலபஸ்ல இது சத்தியமா இல்லை பாஸ்.

ஹாஸ்டல்ல இதை வெச்சு ஒரு சண்டையே நடந்துச்சு. ரூம்மேட் கேட்கறான், ''ஓட்டணும்னா தேஞ்சதை மாத்தணும். ஒண்ணொண்ணா மாத்திட்டே போனா 1855 இரும்பு எங்கடா மிஞ்சும்? பேசாம கண்ணாடிக்குள்ள பூட்டி வை.'' நியாயமான கேள்விதான், ஒத்துக்கறேன். ஆனா, இரும்பைப் பூட்டி வைக்கலாம். தாத்தா கண்ணு தண்ணிக் கண்ணாடியைத் தேடிச்சே, அதை எந்த மியூசியத்துல வைக்க? ஓடினாதான் கரி போட ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க, விஷயம் தெரிஞ்ச இன்னொருத்தர் உசிரோட இருக்கணும். தாத்தா செட்டுல பாதிப் பேர் இப்போ இல்லை.

ரூம்மேட் இன்னும் ஒத்துக்கலை. அவன் சிவில்!

அரியர் எக்ஸாமுக்கு முன்னாடி ரெண்டு நாள் லீவு இருக்கு. ஸ்டீம் டேபிளைத் தூக்கிக்கிட்டு ஊருக்குக் கிளம்பறேன். பாய்லர் சாப்டர் தாத்தாகிட்ட!