பரங்கிக்காய்க்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் கொடுங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. பாதி சமையல் குறிப்பு, பாதி வாத்தியார் பாடம். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பூந்தமல்லியில் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகளில் மிக்ஸி, கிரைண்டருக்கு அடுத்த இடத்தை இப்போது ஏர் ஃப்ரையர் பிடித்துவிட்டது. சிலர் மாதத் தவணையில் வாங்குகிறார்கள். சிலருக்கு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஆன்லைனில் வாங்கி வீட்டுக்கே அனுப்பி வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதற்குள் என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டால் பல வீடுகளில் ஒரே பதில்தான் வருகிறது: பாக்கெட்டில் உறையவைத்து விற்கும் பிரெஞ்ச் ஃப்ரைஸ், நக்கெட்ஸ், சமோசா. "ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது சார், ரொம்ப ஹெல்தி சார்" என்று பெருமையாகவும் சொல்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியை எண்ணெயை ஒழிக்கும் கருவியாகப் பார்ப்பது தப்புக் கணக்கு. இது காய்கறியைச் சுடுவதற்கான ஒரு சின்ன அடுப்பு. அப்படிச் சுட்டால் ருசிக்கும் காய் ஒன்று நம் கடைத்தெருவில் மலிவாக, கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதுதான் பரங்கிக்காய்.

முதலில் அந்த பிரெஞ்ச் ஃப்ரைஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். உருளைக்கிழங்கோடு எண்ணெயும் இருக்கும். தொழிற்சாலையிலேயே எண்ணெயில் அரைப்பதமாகப் பொரித்துத்தான் உறையவைக்கிறார்கள். நம் வீட்டில் நடப்பது மீதிப் பாதி. எண்ணெய் பாட்டிலை நாம் தொடவில்லை என்பதால் எண்ணெய் இல்லை என்று ஆகிவிடுமா?

சரி, இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வெய் இதை உருவாக்க, பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் பெர்லினில் நடந்த ஐ.எஃப்.ஏ. கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. மேலே ஒரு சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. அவ்வளவுதான். சூடான காற்று வேகமாகச் சுற்றி வந்து, காயின் மேல்பரப்பில் உள்ள ஈரத்தை அடித்துக்கொண்டு போகிறது. பெயரில்தான் ஃப்ரையர். செய்கிற வேலை பொரிப்பதல்ல, சுடுவது.

இந்த வேறுபாடு பரங்கிக்காய்க்கு ஏன் முக்கியம்? தண்ணீரில் வேகும் காய் நூறு டிகிரியைத் தாண்டாது. குக்கரில் வைத்தாலும் நூற்றிருபதை ஒட்டித்தான் நிற்கும். காயின் மேல்பக்கம் காய்ந்து, சூடு நூற்று நாற்பதைத் தாண்டும்போதுதான் அதிலுள்ள சர்க்கரையும் புரதக் கூறுகளும் சேர்ந்து, பொன்னிறமும் வறுத்த வாசனையும் வேகமாக உண்டாகின்றன. 1912-இல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை விளக்கியதால் இதற்கு மயார் வினை என்று பெயர். தோசையின் சிவந்த ஓரத்தில் நடப்பதும் இதுதான். பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை மேலும் தண்ணீரில் போட்டுக் குக்கரில் மூன்று விசில் விட்டால் கிடைப்பது கூழ்தான்.

மதிய உணவு நேரத்தில் பல ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்தவன் நான். சாம்பாரில் வரும் மஞ்சள் துண்டுகளை ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார்கள். "ஏம்ப்பா சாப்பிடல?" என்றால், "கொழகொழன்னு இருக்கு சார்" என்பார்கள். ருசி பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லை. அவர்கள் வெறுத்தது காயை அல்ல, அதன் பதத்தை. அந்தப் பதத்தை மாற்ற நம் கையில் இப்போது ஒரு கருவி இருக்கிறது. அதில் போய் பாக்கெட் சமோசாவை வைக்கலாமா?

இனி எண்ணெய்க்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான். எங்கள் தெருவில் ஓர் அம்மா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மகன் ஏர் ஃப்ரையர் வாங்கித் தந்து, "எண்ணெயே வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மாவும் காயை வெறுமனே வைத்து எடுத்திருக்கிறார். "ரப்பர் மாதிரி இருக்குது சார், பல்லு போன காலத்துல இதை எங்க மெல்றது?" என்றார். கருவி மறுபடியும் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது.

ருசி மட்டுமல்ல விஷயம். பரங்கிக்காயின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் கரோட்டின்கள். அவற்றில் முக்கியமான பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்கும் தோலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் வேண்டிய சத்து. இதன் குறைபாட்டால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்கத்தான் 1970 முதல் நம் நாட்டில் வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. ஆனால் கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். உணவில் கொஞ்சமாவது கொழுப்பு இருந்தால்தான் குடல் அதை நன்றாக ஈர்த்துக்கொள்ளும். கூட்டில் தேங்காய் அரைத்துவிட்டு, மேலே எண்ணெயில் தாளித்துக் கொட்டிய நம் பாட்டிகள் இந்தப் பாடத்தைப் படிக்காமலே செய்து வந்தார்கள். எண்ணெயே வேண்டாம் என்று விளம்பரம் பார்த்துச் சமைத்தால், காய்க்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு வீணாகிறது. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் நாற்பது, நாற்பத்தைந்து கலோரிதான். அதற்குப் பயப்பட வேண்டாம்.

செய்முறை எளிது. கால் கிலோ பரங்கிக்காயை இரண்டு விரல் தடிமனில் துண்டு போடுங்கள். கழுவிய ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் படும்படி கையால் பிசறுங்கள். கூடையில் ஒரே அடுக்காக, இடைவெளி விட்டுப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காற்று நுழையாது, காய் வெந்துபோகும், சிவக்காது. 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். பத்தாவது நிமிடம் ஒரு முறை குலுக்கிவிடுங்கள். உப்பை முன்னதாகப் போட்டு ஊறவைக்காதீர்கள், தண்ணீர் விட்டுக்கொள்ளும். உப்பு, மிளகுத்தூள், சீரகத்தூள் எல்லாம் கடைசி மூன்று நிமிடத்தில் போதும். முதலிலேயே போட்டால் பொடி கருகிக் கசக்கும்.

ஓர் எச்சரிக்கை. கறிவேப்பிலையை அப்படியே கூடைக்குள் போடாதீர்கள். விசிறிக் காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகும். தாளிப்பு வேண்டுமென்றால் வழக்கமான தாளிப்புக் கரண்டியிலேயே தாளித்து மேலே கொட்டுங்கள்.

மின்சாரம்? 1500 வாட் கருவி 18 நிமிடம் முழுக்க ஓடினாலும் அரை யூனிட்டைத் தொடாது.

சர்க்கரை நோயாளிகள் கேட்பார்கள், எனக்குத் தெரியும். "சார், பரங்கிக்காயின் கிளைசெமிக் இண்டெக்ஸ் அதிகமாமே?" உண்மைதான், 75 என்று சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்த எண் வேகத்தைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. காயில் மாவுச்சத்து குறைவு என்பதால், எண்பது கிராம் காயின் கிளைசெமிக் லோடு வெறும் 3 என்று அதே பட்டியல் சொல்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சுடும்போது தண்ணீர் போய்க் காய் சுருங்கிவிடும். எனவே எவ்வளவு சாப்பிடலாம் என்பதைப் பச்சைக் காயின் எடையில் கணக்கிடுங்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இதைச் சாப்பிடலாமா என்று உங்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு பெரிய காய் எதுக்கு?" என்பவர்களுக்கு இரண்டு பதில். கடையில் பத்தை போட்டுத்தான் விற்கிறார்கள், ஒரு பத்தை வாங்கினால் போதும். இன்னொன்று, சின்னக் காய்களும் இருக்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் ஏழெட்டு கிலோ காய்க்கும் என்றால், கோ 2 ஒன்றரை, இரண்டு கிலோதான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சூரியமுகி அதைவிடவும் சிறியது. கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் கொண்டுவருவார்கள்.

ஏர் ஃப்ரையர் இல்லாதவர்கள் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். இரும்பு தோசைக்கல் போதும். அரை விரல் தடிமனில் நறுக்கி, அதே ஒரு ஸ்பூன் எண்ணெய், மிதமான தீ, மூடி போடாமல் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுச் சுடுங்கள். கருவியைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்று பார்க்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். ஏற்கெனவே கருவி இருக்கும் வீடுகளில், ஓய்வு பெற்ற என்னைப் போன்ற ஆண்களுக்குத் தப்பிக்க வழியே இல்லை. நேரம் முடிந்தால் அதுவே மணி அடிக்கிறது. நாற்பது வருடம் மணி அடித்ததும் எழுந்து வேலை பார்த்தவர்கள்தானே நாம்!

கடைசியாக ஒரு செய்தி. பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துக் காய். பரங்கியர் வழியாக வந்ததால் அந்தப் பெயர். எங்கள் மவுண்ட் - பூந்தமல்லி சாலையின் மறுகோடியில் இருக்கும் பரங்கிமலைக்கும் அதே பரங்கியரால்தான் பெயர். வெளியிலிருந்து வந்த காயை நம் முன்னோர் பொங்கல் குழம்பிலும், அதன் பூவை மார்கழிக் கோலத்தின் சாணிப் பிள்ளையார் தலையிலும் சேர்த்துக்கொண்டார்கள். வந்த பொருளை நம் தேவைக்கு வளைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். இந்தக் கருவியையும் நாம் அப்படித்தான் வளைக்க வேண்டும். அது சொல்கிறபடி நாம் பாக்கெட் வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த வாரம் ஒரு பத்தை வாங்கிச் சுட்டுப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். கொங்குப் பக்கத்தில் இதை அரசாணிக்காய் என்பார்கள். உங்கள் ஊரில் என்ன பெயர் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.