காற்றைச் சுத்தம் செய்தது யார்?

கொரோனா நோயை முன்னிட்டு 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு போடப்பட்டபோது, இராஜபாளையத்தில் நூற்பாலைகள் நின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வியாபாரம் படுத்தது. இரண்டு ஊரையும் சேர்க்கும் ரஸ்தாவில் பஸ் ஓடவில்லை. அவ்வருஷம் ஏப்ரலில் இந்தியாவின் மின்சாரத் தேவை, முந்தின ஏப்ரலைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பல நகரங்களில் காற்றிலுள்ள புகையும் தூசியும் குறைந்ததை அளவு கருவிகளே காட்டின.

உடனே வைதீகர்கள், “பூமாதேவி இளைப்பாறினாள், இது பகவான் செய்த சுத்தி” என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நாட்களில் ஆண்டாள் கோயில் கதவே பக்தர்களுக்கு அடைபட்டுக் கிடந்ததே! யாகம் செய்தா காற்று சுத்தமாயிற்று? நிலக்கரியும் எண்ணெயும் எரிவது குறைந்தது, புகையும் குறைந்தது. இதில் பகவானுக்கு என்ன வேலை? ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 நிமிஷம் மின்விளக்கை அணைத்து அகல் ஏற்றச் சொன்னார்கள். சுமார் 31,000 மெகாவாட் மின்சாரத் தேவை சட்டென்று இறங்கிற்றே தவிர, ஒரு கிருமியாவது செத்ததா? பல ஊர்களில் வெடி கொளுத்திப் புகை கிளப்பியதுதான் கண்ட பலன்.

நிற்க, படித்தவர்களில் சிலர், “வருஷத்துக்கு ஒரு மாதம் இப்படி ஊரை அடைத்தால் நல்லது” என்கிறார்கள். மாதச் சம்பளம் வீடு தேடி வருகிறவர்களுக்கு நல்லதுதான். ஆலை நின்றால் கூலி நிற்கிற தொழிலாளிக்கும், சத்திரப்பட்டியில் காயக்கட்டுத் துணி நெய்கிற தறிக்காரருக்கும் அது பட்டினியல்லவா? அந்தப் பட்டினியால் வந்த நல்ல காற்றாவது நின்றதா? 2021-லேயே உலகத்தின் கரிப்புகை பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. விறகடுப்பு ஊதும் பெண்களுக்கோ ஊரடங்கிலும் புகையிலிருந்து விடுதலை இல்லை. வீட்டில் எல்லோரும் இருந்ததால் அடுப்பு வேலை கூடவே செய்தது. அந்தப் புகை நுரையீரலையும் இருதயத்தையும் கெடுப்பது வைத்தியர்கள் கண்ட உண்மை.

ஆகவே நாம் சொல்லுவது என்னவென்றால், புகை தலைவிதியல்ல; மனிதன் உண்டாக்கியது, மனிதனால் நிறுத்தக்கூடியது. நிறுத்த வேண்டியது தொழிலையல்ல, புகையைத்தான். கயத்தாறு, தென்காசிப் பக்கங்களில் காற்றாலைகள் சுற்றுகின்றன. தமிழ்நாட்டு நூற்பாலை முதலாளிகள் பலர் காற்றாலை வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். முதலாளிக்குக் கிடைத்த அந்த வசதி பஸ்ஸுக்கும் விசைத்தறிக்கும் ஏழை வீட்டு அடுப்புக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? இது சாமியைக் கும்பிட்டு வருவதல்ல. சர்க்காரைக் கேட்டு வாங்க வேண்டியது. தோழர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.