சமையலறைக்கு எந்த மரம்?

கற்பிட்டியிலிருந்து நுரைச்சோலை, முந்தல், உடப்பு என்று சிலாபம் வரை நீளும் கரையோரத்தில், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் பணத்தால் பல வீடுகள் புதுமெருகு பெறுகின்றன. பணத்தோடு படங்களும் வருகின்றன. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள சமையலறையொன்றின் படத்தை அனுப்பி, "பேன்ட்ரி கபட்டை இப்படியே செய்யுங்கள்" என்கிறார்கள். பத்தாண்டுகளுக்கு முன் அப்படம் தூய வெள்ளை. அதற்கு முன் தேன்நிற ஓக். இப்போது மீண்டும் ஓக்கும் வால்நட்டும். படத்தில் மரம் தெரிகிறது. அது நிற்கப்போகும் ஊரின் உப்புக்காற்று தெரிவதில்லை.

வெள்ளைச் சாயத்தின் கீழே இருப்பது பெரும்பாலும் எம்.டி.எஃப்.; மரநாரைப் பசையுடன் சேர்த்து அழுத்திய பலகை. கொழும்பின் குளிரூட்டிய அடுக்குமாடி வீட்டில் அது பல்லாண்டு இருக்கக்கூடும். களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களில் நிலைமை வேறு. சிங்கின் கீழே குழாய் கசிந்தால் பலகையின் ஓரம் பொங்கிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. 2022 நெருக்கடியில் ரூபாய் சரிந்து இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியபின் அது முன்போல் மலிவும் அன்று.

அப்படியானால் முதிரையில் செய்வோம் என்பார் சிலர். முதிரையின் வலிமையில் ஐயமில்லை. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833 இல் முதிரையால் அமைத்த வளைவுப் பாலம் 1905 வரை நின்றது. ஆனால் அது மெதுவாக வளரும் காட்டு மரம். கலமந்தருக்கு நேர்ந்த கதியை எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் வரிகளில் மயங்கி ஐரோப்பியர் தளபாடம் செய்துகொண்டார்கள். 1859 இல் இலங்கை பற்றி எமர்சன் டெனன்ற் நூல் வெளியிட்டபோதே அம்மரம் அருகிவிட்டிருந்தது. அதுவும் ஒரு காலத்து நாகரிகந்தான். வில்பத்துக் காட்டின் அயலில் வாழ்பவர்கள், மலிவாக முதிரை வருகிறது என்றால், அனுமதிப்பத்திரம் எங்கே என்று முதலில் கேட்க வேண்டும்.

என் தெரிவு, நட்டு வளர்த்த தேக்கு. வறண்ட வலயத்தில் அத்தகைய தேக்கங்காடுகள் உண்டு. அரச மரக்கூட்டுத்தாபனத்தில் வாங்கலாம். ஆனால் தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. கறையானை எதிர்ப்பது வைரம்; வெளிறு அல்ல. இளமரத்தில் வெளிறே மிகுதி. அதைச் சாயம் பூசி மறைத்து விற்பது மரக்காலைகளில் புதிதும் அல்ல. சாயமிடாத பலகையைப் பார்த்தே வாங்குங்கள்.

முழுவதையும் தேக்கில் செய்யவேண்டியதில்லை. சட்டகமும் சிங்கின் அடிப்பகுதியும் வைரத் தேக்கில் இருக்கட்டும். இம்மாவட்டம் தெங்கு முக்கோணத்தில் அடங்கியது. காய்ப்பு ஓய்ந்த முதிர்ந்த தென்னையின் வெளிப்புறம் நல்ல கடினமானது. கூரைக்கு மட்டுமே உரியதென்று அதை ஒதுக்கிவிட்டோம். ஈரம் படாத உள் தட்டுகளுக்கு அது தாராளமாகப் போதும். நாகரிகமெல்லாம் கதவோடு நிற்கட்டும். அடுத்த படம் வரும்போது கதவைக் கழற்றிச் சீவி வேறு நிறம் ஏற்றலாம், அல்லது கதவையே மாற்றலாம்.

பிணைச்சல்களில் மட்டும் சிக்கனம் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகிலும் 304 ஐவிட 316 ரகமே உப்பை நன்கு தாங்கும். விலை சற்று அதிகம். அந்த மேலதிகப் பணத்தைப் பிள்ளையிடமே கேட்டு வாங்குங்கள். படம் அனுப்பியவர் அவர்தானே.