தெய்வத்துக்குக் கூலி குழந்தையா?

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பணக்காரன் டாக்டரிடம் ஓடுகிறான். திருத்தணியுள்ள திருவள்ளூர் ஜில்லாவிலும் எல்லைக்கப்பாலுள்ள சித்தூரிலும், ஏழைகள் மாத்தம்மாவுக்கு நேர்ந்துகொண்டு பெண்குழந்தைக்குத் தாலி கட்டிவிடும் வழக்கத்தைப்பற்றி, 2017-இல் தேசிய மனித உரிமை ஆணையமே இரு சர்க்கார்களுக்கும் நோட்டீசு அனுப்பிற்று. அப்படித் தாலி ஏறியவளுக்குப் பிறகு கல்யாணமில்லை. ஊரார் கண்ணுக்கு அவள் பொதுச்சொத்து. காய்ச்சலைத் தீர்த்தது மருந்தானால் தாலி எதற்கு? தெய்வமானால், அதற்குக் கூலி ஒரு குழந்தையின் வாழ்வா?

முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பாடுபட்ட பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் 1947-இலேயே வந்துவிட்டது. 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டமோ, 18 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாதவனுக்கே ஆறு மாதம் வரை சிறை என்கிறது. ஆகவே, "ஊர் வழக்கம்" என்று வாய்மூடி இருப்பவனும் குற்றவாளியே. 1098-க்கு ஒரு டெலிபோன் செய்ய என்ன தடை என்று கேட்கிறோம்.